சித்திரையில் பார்த்தீர்கள், ஐப்பசியில் வந்து பாருங்கள்

எங்கள் குன்றின் கிழக்குச் சரிவை இயந்திரம் விட்டுச் சமன்செய்ய முடிவெடுத்த ஊராட்சிப் பொறுப்பாளர்களுக்கும், அதற்கு ஒப்பமிட்ட அலுவலர்களுக்கும்,

ஊராட்சி அலுவலகச் சுவரில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பை ஆவணி முதல் வாரத்தில் படித்தேன். கிழக்குச் சரிவில் மண்டிக் கிடக்கும் ‘பயனற்ற முட்புதர்களை’ப் பொக்லைன் கொண்டு வேரோடு அகற்றி, மண்ணைச் சமன்செய்து, குழியெடுத்து நிழல்மரக் கன்றுகள் நடப்போவதாக அதில் கண்டிருந்தது. புரட்டாசி முடிவதற்குள் வேலை முடிந்துவிட வேண்டும் என்றும் இருந்தது.

‘பயனற்ற’ என்ற அந்தச் சொல்லை என்னால் கடந்துபோக முடியவில்லை.

நான் வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு வட்டாரத்தில் ஒன்றரை ஏக்கரில் முள் கத்தரி போடுகிறவள். கல்லூரியில் படித்தது தாவரவியல். பிழைப்பு கத்தரி, இடையே நிலக்கடலை. என் வரப்புக்கும் நீங்கள் அழிக்கப்போகிற சரிவுக்கும் நடுவே ஒரு வண்டிப்பாதைதான். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தப் புதர்களில் எந்த மாதம் எந்தப் பூச்சி, எந்த மழைக்கு எந்தக் காளான் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறேன். நான்கு நோட்டுகள் நிரம்பிவிட்டன. அவற்றை உங்கள் மேசையில் வைக்கத் தயாராக இருக்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

சித்திரைக் கடைசியில், அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு நாள், நிலத்தைப் பார்வையிட இருவர் வந்தார்கள். அரை மணி நேரம் சாலையோரம் நின்று கைப்பேசியில் படம் எடுத்தார்கள். மோர் கொடுத்தேன். “இதில் என்னம்மா இருக்கிறது? பாம்பும் பூரானும்தானே?” என்று அவர்களில் ஒருவர் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வேலூர் வெயிலில் அந்த மாதத்தில் இலந்தை இலையுதிர்த்து நிற்கும், காரை வெறும் குச்சியாக நிற்கும், சூரை முள்ளை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். உயிரெல்லாம் அப்போது பட்டைக்குள்ளும் வேரடியிலும் புற்றுக்குள்ளும் ஒடுங்கியிருக்கும். பூட்டிய வீட்டை வெளியே நின்று பார்த்து, ஆள் இல்லாத வீடு என்று எழுதிக்கொண்டு போய்விட்டீர்கள்.

அன்று மாலை அதே சரிவிலிருந்து பட்டுப்போன காரைக் கிளை ஒன்றை ஒடித்து வந்தேன். அதில் நகத்தளவில், விளிம்பு சுருண்டு, சாம்பல் நிறத்தில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. தொட்டால் தோல்போல் முரமுரத்தது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டேன். இரவுச் சாப்பாடு முடிந்து வந்து பார்க்கும்போது அது சின்ன விசிறியாக விரிந்து, அடிப்பக்கத்து மடிப்புகளைத் திறந்துகொண்டிருந்தது. கோடை முழுவதும் காய்ந்து கிடந்து, நாலு சொட்டு ஈரம் பட்டதும் விழித்துக்கொள்ளும் காளான் அது. காய்ந்த மரத்தைத் தின்று மெல்ல மண்ணாக்குவது அதன் வேலை. வந்த இருவரில் ஒருவராவது ஒரு குச்சியை ஒடித்துப் பார்த்திருந்தால் இந்த மடலை எழுத வேண்டி வந்திருக்காது.

பொன்வண்டை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மழைக்காலத்தில் பள்ளிக்குப் போகும் வழியில் பிடித்து, தீப்பெட்டிக்குள் வேல இலை போட்டு வளர்த்திருப்பீர்கள். அது அரிசிபோல முட்டையிட்டதைப் பார்த்து வகுப்பையே கூட்டியிருப்பீர்கள். அந்த வண்டு நம் கண்ணில் படுவது சில வாரங்கள்தான். மற்ற காலமெல்லாம் அது புழுவாக, மண்ணுக்கடியில், புதர்களின் வேரைத் தின்றுகொண்டு கிடக்கும். சித்திரையில் நீங்கள் நின்ற இடத்துக்குக் கீழே அது இருந்தது. பொக்லைன் முதலில் கிழிப்பது அந்த மண்ணைத்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் மேற்குச் சரிவை இப்படித்தான் சமன்செய்தார்கள். அதற்குப் பின் அந்தப் பக்கத்தில் நான் ஒரு பொன்வண்டைக்கூடப் பார்க்கவில்லை. அங்கே வளரும் குழந்தைகளுக்கு அதன் பெயர் தெரியவில்லை.

பொன்வண்டு போனால் வயிறு காயாது என்று நீங்கள் சொல்லக்கூடும். என் வயிற்றோடு தொடர்புடைய ஒன்றைச் சொல்கிறேன்.

இந்த மாவட்டத்தின் முள் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இலவம்பாடிப் பெயரோடு சேர்த்து அந்தக் காயை ஊரே அறியும். குறியீடு வந்த அன்று நீங்களும் மகிழ்ந்தீர்கள், நாங்களும் மகிழ்ந்தோம். அந்தக் காய் எப்படிக் காய்க்கிறது என்று சற்று நின்று பார்க்க வேண்டும். கத்தரிப் பூவின் மகரந்தப் பை பெரும்பாலான பூக்களைப்போல வெடித்துத் திறப்பதில்லை. அதன் நுனியில் ஊசி குத்தியதுபோல ஒரு சிறு துளை இருக்கும், அவ்வளவுதான். மகரந்தம் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். காற்று உலுக்கினால் கொஞ்சம் உதிரும், தன் பூவிலேயே விழும், காய் பிடிக்கும். ஆனால் காய் திரட்சியாகவும் நிறையவும் பிடிக்க வேண்டுமானால், பூவைப் பிடித்து அதிரவைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் எங்கள் ஊரில் கருவண்டு என்று அழைக்கப்படுவது. பெயரில் வண்டு இருந்தாலும் அது தேனீயின் இனம். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கருவண்டு பூவைக் காலால் இறுகப் பற்றி, சிறகை விரிக்காமல், மார்புத் தசையை மட்டும் துடிக்கவைக்கும். ‘ங்ஙீ’ என்று ஒரு ஒலி எழும். அந்த அதிர்வில் மகரந்தம் மிளகுப்பொடி டப்பாவைக் குலுக்கியதுபோல அதன் வயிற்றில் கொட்டும். விடியற்காலையில் வரப்பில் உட்கார்ந்திருந்தால் அந்த ஒலியைக் காதால் கேட்கலாம். உடம்பில் நீலப் பட்டை போட்ட சிறிய தேனீ ஒன்றும் இதையே செய்யும்.

கத்தரி ஆண்டு முழுவதும் பூத்துக்கொண்டே இருப்பதில்லை. நாற்று விட்டு, நட்டு, பூக்கும்வரை கருவண்டு எதைத் தின்னும்? ஆவாரையைத்தான். கத்தரிப் பூவைப்போலவே ஆவாரம்பூவின் மகரந்தப் பையும் நுனித் துளை கொண்டது. அதே அதிர்வு, அதே ஒலி. சரிவில் ஆவாரை பூத்திருக்கும் காலத்தில் ஒரு புதருக்கு இரண்டு மூன்று கருவண்டுகள் நிற்கும். அவை குடியிருப்பது எங்கே என்று தேடினால், அதே சரிவில் பட்டுப்போன கிளைகளில் பென்சில் நுழையும் அளவுக்கு வட்டமாகத் துளைத்த வீடுகள். முழுதாக உளுத்துப்போன கிளை அதற்கு ஆகாது, பச்சைக் கிளையும் ஆகாது. நீங்கள் ‘காய்ந்த குப்பை’ என்று அள்ளிக் கொளுத்தப்போகிற கிளைகளில்தான் அடுத்த ஆண்டுக்கான கருவண்டுகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. நீலப்பட்டைத் தேனீயோ மண்ணில் வளை தோண்டி வாழ்கிறது. இன்னும் சிறிய தேனீக்கள் புதர்க் குச்சிகளின் நடுச்சோற்றைக் குடைந்து அதற்குள் முட்டையிடுகின்றன. இப்படிக் கிளை, மண், குச்சி மூன்றும் ஒரே நாளில் போனால் எல்லாம் ஒரே நாளில் போகும்.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. என் நாத்தனாரின் நிலம் மேற்குச் சரிவை ஒட்டியது. சமன்செய்த ஆண்டுக்கு முன்புவரை, என்னைவிட அவர்தான் அதிகம் காய் எடுப்பார். அவர் மண் நல்ல மண். சமன்செய்த பிறகு இரண்டு பருவம் கத்தரி போட்டார். செடி தழைத்தது, பூத்தது, பூ கொட்டியது. மருந்துக் கடையில் ஊக்கி வாங்கித் தெளித்தார். பிறகு ஒரு நாள் என்னிடம் வந்து, “அண்ணி, உன் தோட்டத்தில் ஒரு சத்தம் கேட்கிறதே, என் தோட்டத்தில் அது இல்லை” என்றார். அவருக்கு நோட்டுப் புத்தகம் இல்லை, தாவரவியலும் இல்லை. ஆனாலும் அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். இப்போது அவர் அந்த நிலத்தில் கேழ்வரகு போட்டிருக்கிறார்.

பூ கொட்டுவதற்கு வெயில், தண்ணீர், இலைப்பேன், சத்துக்குறை என்று வேறு காரணங்களும் உண்டு என்பது எனக்குத் தெரியும். அதனால்தான், கிழக்குச் சரிவையும் அழிக்கும் முன் யாராவது அறிந்தவர்கள் வந்து பார்க்க வேண்டும் என்கிறேன். விரிஞ்சிபுரத்தில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அங்கிருந்து ஒரு பூச்சியியல் அறிஞரை ஒரு காலைப் பொழுதுக்கு அழைப்பது பெரிய செலவு அல்ல.

உங்கள் தரப்பில் சொல்லப்பட்ட இன்னொரு காரணம், இந்தப் புதர்கள் நோய்க்கிடங்கு என்பது. கார்த்திகை, மார்கழியில் காட்டு இலந்தையின் இலையிலும் பிஞ்சிலும் மாவு தூவியதுபோல வெள்ளையாகப் படிவதைக் காட்டி, அந்தச் சாம்பல் நோய் வெண்டைக்கும் பூசணிக்கும் பரவும் என்றார்கள். பார்வைக்கு எல்லாம் ஒரே வெள்ளைதான். ஆனால் சாம்பல் நோய்ப் பூஞ்சைகள் பெரும்பாலும் தத்தம் செடிக் குடும்பத்தோடு நின்றுவிடுகிறவை. இலந்தையைப் பிடிப்பது இலந்தைக்கே உரியது. அந்த வெள்ளைப் படிவின்மேல் மஞ்சள் நிறத்தில் மிகச் சிறிய பொறிவண்டுகள் ஊர்வதைப் பார்த்திருக்கிறீர்களா? பொறிவண்டு என்றால் அசுவினி என்னும் சாறுண்ணிப் பூச்சியைத் தின்பது என்றுதான் பள்ளியில் படிக்கிறோம். இது அசுவினியைத் தொடாது, இலையையும் தொடாது. சாம்பல் பூஞ்சையை மட்டுமே மேயும். இலந்தையில் மேய்ந்துவிட்டு வெண்டைக்கும் பூசணிக்கும் வந்து அங்குள்ள பூஞ்சையையும் மேயும். நீங்கள் நோய்க்கிடங்கு என்ற இடத்தில் எனக்குக் கூலி வாங்காத ஆட்கள் வளர்கிறார்கள்.

நேர்மையாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். வயலோரத்தில் சுண்டைச் செடி அடர்ந்திருந்தால் கத்தரித் தண்டுதுளைப்பான் அதில் தங்கும். நிலக்கடலையை மொட்டையடிக்கும் சிவப்புக் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழு, வரப்பு மண்ணிலும் புதரடியிலும் ஒளிந்திருக்கும். இதற்காக வரப்போரத்துச் சுண்டையை எடுங்கள் என்றால் நானே முதலில் வெட்டுவேன். அதைக் காரணம் காட்டி மலையடிவாரம் முழுவதையும் மொட்டையடிப்பதை எப்படி ஏற்பது?

காளானுக்கு வருகிறேன். அடைமழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்து, கிழக்குச் சரிவுப் புற்றுகளின் ஓரத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு வெள்ளைக் குடைகள் எழும். புற்றுக்காளான். விடியுமுன் கூடையோடு போகிற பெண்கள் எங்கள் தெருவில் பத்துப் பேராவது உண்டு. ஆட்டுக்கறிக்கு ஈடாக அதைச் சமைப்போம். அது தானாக முளைப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதை வளர்ப்பது கறையான். புதருக்கடியில் உதிரும் இலையையும் சுள்ளியையும் கொண்டுபோய், புற்றுக்குள் கடற்பஞ்சுபோல ஒரு மெத்தை செய்து, அதில் அந்தப் பூஞ்சையைப் பயிரிட்டு, அதையே உண்டு வாழ்கிறது. மிச்சம்தான் நமக்குக் குடையாக வெளியே வருகிறது. பால் காளானையும் சிப்பிக் காளானையும் வைக்கோல் படுக்கை போட்டு வளர்க்கிறோம். இதை அப்படி வளர்க்க முடிவதில்லை. கறையான் வேண்டும், கறையானுக்குச் சுள்ளி வேண்டும், சுள்ளிக்குப் புதர் வேண்டும். மேற்குச் சரிவில் புற்றுகளை மட்டப்படுத்திய பின் ஒரு கூடைக் காளான்கூட அங்கிருந்து வந்ததில்லை.

அதே புற்றிலிருந்து எழும் ஈசலை நம்பி முதல் மழை இரவில் விளக்கோடு உட்காரும் இருளர் குடும்பங்கள் குன்றின் மறுபக்கத்தில் இருக்கின்றன. ஈசலை வறுத்து, அரிசியோடு சேர்த்து வைத்துக்கொள்வார்கள். எந்தப் புற்று உயிரோடு இருக்கிறது, எந்தப் புதரில் கொம்புத்தேனீ கூடு கட்டியிருக்கிறது என்று என் நான்கு நோட்டுகளைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். அவர்களிடம் யாராவது ஒரு சொல் கேட்டீர்களா? அந்த அறிவிப்பு அவர்கள் குடியிருப்பில் ஒட்டப்படவே இல்லை.

இப்போது சீமைக் கருவேலம். உங்கள் திட்டத்தின் முதல் பக்கத்தில் அதன் பெயர்தான் இருக்கிறது என்று அறிகிறேன். அதை எடுப்பதில் எனக்குத் துளியும் மறுப்பு இல்லை. 1877இல் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில், விறகுப் பஞ்சம் தீரும் என்று நல்லெண்ணத்தோடு விதைக்கப்பட்ட அந்நிய மரம் அது. அங்கிருந்து நம் வட ஆர்க்காட்டுக்குத் தொலைவும் இல்லை. அந்நியத் தாவரங்களை அகற்றி இயல்நிலத்தை மீட்பதற்கென்று 2022இல் மாநில அரசு ஒரு கொள்கையே வகுத்தது. நல்லது. ஆனால் அந்தக் கொள்கையின் இரண்டாவது பாதி இயல்நிலத்தை மீட்பது. காரையும் களாவும் இலந்தையும் ஆவாரையும் சங்கஞ்செடியும் விராலியும்தான் இங்கே இயல்நிலம். சீமைக் கருவேலத்தின் பெயரைச் சொல்லி அவற்றையும் சேர்த்து வாரினால், கொள்கையின் முதல் பாதியைக் கொண்டு இரண்டாம் பாதியை அடிப்பதாகும்.

முள் இருப்பதெல்லாம் ஒன்றல்ல என்பதை நான் உதகையில்தான் நன்றாக உணர்ந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் தங்கை குடும்பத்தோடு போயிருந்தபோது, சாலைச் சரிவில் பொன்மஞ்சள் பூ போர்த்திய ஒரு முட்புதரைப் பார்த்தேன். கார்ஸ் என்பது அதன் பெயர். வெள்ளையர் காலத்தில் மேற்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது. உடம்பெல்லாம் முள். பூவை முகர்ந்தால் தேங்காய் மணம். என் பழக்கப்படி அரை மணி நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து தேடினேன். கடிபட்ட தளிர் ஒன்றும் கண்ணில் படவில்லை, துளைபட்ட காய் ஒன்றும் கிடைக்கவில்லை. ஊருக்கு வந்து அந்தச் செடியைப் பற்றிப் படித்தேன். தாய்மண்ணில் அது இப்படித் தனியாக நிற்பதில்லை. காய்க்குள் முட்டையிட்டு விதையைத் தின்பதற்கென்றே ஒரு குட்டிக் கூன்வண்டு உண்டு. கிளையைச் சுற்றி வலை பின்னிச் சாறு உறிஞ்சும் சிலந்திப்பேன் உண்டு. பச்சை நாவாய்ப்பூச்சி ஒன்று, தளிரைப் பிணைத்து உள்ளிருந்து தின்னும் அந்துப்பூச்சியின் புழு ஒன்று. பட்டுப்போன கிளையை அரிக்க ஒரு பூஞ்சை. அந்தப் பூஞ்சையை உண்டு, மழைநாளில் வெண்ணெய்த் திரள்போல மஞ்சளாகப் பொங்கி வழியும் இன்னொரு பூஞ்சை. இத்தனை பேரும் சேர்ந்துதான் அந்தப் புதரை அதன் ஊரில் அளவோடு வைத்திருக்கிறார்கள்.

இதே புதரை வேலிக்காக நியூசிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அது மேய்ச்சல் நிலத்தையெல்லாம் விழுங்கியது. 1931இல் அந்தக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். வண்டு தன் கடமையைச் செய்தது. வசந்தத்தில் பிடிக்கும் விதைகளைத் தின்றது. ஆனால் அந்த நாட்டில் புதர் இலையுதிர் காலத்திலும் பூத்துக் காய்க்கிறது. அந்த விதைகளை வண்டு தொடுவதில்லை. 1989இல் சிலந்திப்பேனையும் வரவழைத்தார்கள். இன்றும் புதர் அங்கே தீரவில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தென்னாப்பிரிக்காவிலும் சீமைக் கருவேலத்தின் உறவு மரங்களை அடக்க 1987 முதல் விதைதின்னி வண்டுகளை இறக்கினார்கள். ஒரு செடியோடு வாழும் பூச்சிகளைப் பிரித்துவிட்டால் மறுபடி சேர்ப்பதற்கு மற்ற நாடுகள் எவ்வளவு பாடுபடுகின்றன என்பதற்காக இதைச் சொல்கிறேன். நம் காரைக்கும் ஆவாரைக்கும் அந்த உறவுகள் எல்லாம் முழுதாக இருக்கின்றன. சங்கஞ்செடியைத் தின்று வளர்கிறது வெளிர்ச் செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சி. ஆவாரையைத் தின்று வளர்கிறது பச்சை கலந்த வெள்ளைச் சிறகு கொண்ட ஒன்று. என் நோட்டுகளில் இலந்தைக்கு மட்டும் இருபது பக்கங்களுக்கு மேல். சீமைக் கருவேலத்துக்கு இரண்டு பக்கம்.

பூச்சியின் வலிமையை இந்த ஊர் ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. என் தாத்தா சிறுவனாக இருந்தபோது சப்பாத்திக் கள்ளி வண்டிப்பாதையையே அடைத்திருந்ததாம். பிறகு கள்ளி மடல்களில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல ஏதோ பரவியது. நசுக்கினால் கையில் இரத்தம்போலச் சிவப்பு. கொஞ்ச காலத்தில் கள்ளி முழுவதும் அழுகிச் சாய்ந்துவிட்டதாகச் சொல்வார். பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். 1795இல் சாயம் எடுக்க உதவும் என்று தவறாக எண்ணி இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஒரு பூச்சி, சாயத்துக்கு உதவாமல் ஒருவகைக் கள்ளியை அழித்தது. 1926இல் வேறொரு பூச்சி வரவழைக்கப்பட்டு, மற்றொரு வகைக் கள்ளியும் அடங்கியது. தாத்தா பார்த்தது இரண்டாவதாக இருக்க வேண்டும். ஒரு பூச்சி ஒரு செடியை ஊரைவிட்டே ஓட்டும் என்றால், செடி போனால் பூச்சியும் ஊரைவிட்டுப் போகும் என்பதை நீங்கள் நம்பலாம்.

ஆவாரையைப் பயனற்றது என்று இந்தப் பகுதியில் உட்கார்ந்துகொண்டு எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது என்பதும் எனக்குப் புரியவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று தோலுக்குப் பேர்போன ஊர்கள் எல்லாம் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையைக் கொண்டுதான் தோல் பதனிட்டன. பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரத்தின் பட்டை வந்தது, அதற்குப் பின் குரோமியம் வந்தது. குரோமியம் பாலாற்றுக்கு என்ன செய்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மேற்குச் சரிவில் நீங்கள் நட்ட கன்றுகளைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் வண்டி முதல் கோடைவரைதான் வந்தது. கன்றுகளில் பெரும்பாலானவை காய்ந்துவிட்டன. காலியான குழிகளில் இன்று தழைத்து நிற்பது சீமைக் கருவேலம். வேர்க்கட்டையை அடியோடு எடுக்காததால் துளிர்த்தது பாதி, ஆடு மாடுகள் காயைத் தின்று சாணத்தில் போட்ட விதையிலிருந்து முளைத்தது பாதி. அதோடு போட்டியிட அங்கே இருந்த காரையையும் இலந்தையையும் நீங்களே அகற்றிக் கொடுத்தீர்கள்.

நான் கேட்பவை இவை.

புரட்டாசியில் தொடங்கவிருக்கும் இயந்திர வேலையை நிறுத்திவையுங்கள். கிழக்குச் சரிவுக்குள் பொக்லைன் எந்தக் காரணத்துக்காகவும் இறங்கக் கூடாது. சீமைக் கருவேலத்தை மட்டும் ஆட்களைக் கொண்டு, கடப்பாரையால் வேர்க்கட்டையோடு எடுங்கள். எந்த மரம் போக வேண்டும், எது நிற்க வேண்டும் என்று சுண்ணாம்பு அடையாளமிட நானும் இருளர் குடியிருப்பின் பெரியவர்களும் கூலி இல்லாமல் வருகிறோம். அந்த வேலையை அரசின் ஊரக வேலைத்திட்டத்தில் சேர்த்தால் எங்கள் தெருப் பெண்களுக்குக் கூலியாவது கிடைக்கும்.

பட்டுப்போன கிளைகளைக் கொளுத்தாதீர்கள், கிடந்த இடத்திலேயே விடுங்கள். புற்றுகளை மண்வெட்டியாலும் தொடாதீர்கள். நிழல்மரம் நடத்தான் வேண்டும் என்றால் சாலையோரத்தில் நடுங்கள், அதற்குத் தண்ணீர் ஊற்ற மூன்று கோடைக்குப் பணம் ஒதுக்குங்கள்.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊர் மக்களைக் கலந்து ஒரு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும். எங்கள் ஊராட்சியின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று இருமுறை கேட்டேன், காட்டவில்லை. இருந்தால் அதைப் பொதுவில் வையுங்கள். இல்லையென்றால் இந்த மழைக்காலத்தில் எழுதத் தொடங்குங்கள். என் நான்கு நோட்டுகளை முதல் பக்கங்களாக எடுத்துக்கொள்ளலாம். அந்தக் குழுவில் இருளர் குடியிருப்பிலிருந்தும் ஆடு மேய்ப்பவர்களிலிருந்தும் ஒருவராவது இருக்க வேண்டும்.

‘பயனற்ற முட்புதர்’ என்ற சொற்களைத் தீர்மானத்திலிருந்து எழுத்துப்பூர்வமாக நீக்குங்கள். அது அங்கே இருக்கும்வரை இன்று இல்லாவிட்டாலும் அடுத்த ஆண்டு யாராவது அதைக் காட்டி இயந்திரத்தை இறக்குவார்கள்.

கடைசியாக, திரும்ப ஒருமுறை பார்வையிட வாருங்கள். ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில், ஆறரை மணிக்கு முன்பாக என் வரப்புக்கு வாருங்கள். கத்தரிப் பூவிடம் காதைக் கொடுத்து நில்லுங்கள். பிறகு வண்டிப்பாதையைக் கடந்து ஆவாரையிடம் போவோம். அங்கிருந்து புற்று ஓரத்துக்குப் போவோம்.

உங்கள் பதிலுக்காக ஆவணி முடியும்வரை காத்திருப்பேன். வராவிட்டால் அக்டோபர் 2 கிராம சபையில் இந்த மடலை முழுவதும் வாசித்து, தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டும் என்று முன்மொழிவேன். என் நாத்தனார் வழிமொழிவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
கிழக்குச் சரிவை ஒட்டிய ஒன்றரை ஏக்கரில் கத்தரி போடுகிறவள்